துபாய் மஸ்டாங்கை கோவைக்குக் கொண்டுவர முடியுமா?

கேள்வி: பல ஆண்டுகளாக துபாயில் வேலை பார்க்கிறேன். அடுத்த ஆண்டு குடும்பத்தோடு கோவைக்கே திரும்பிவிட முடிவு செய்திருக்கிறோம். என்னிடம் 2021 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. இருக்கிறது. இங்கே விற்றால் 1,20,000 திர்ஹாம் கிடைக்கும் என்கிறார்கள். ஆசைப்பட்டு வாங்கிய வண்டி, விற்க மனமில்லை. ‘ஊருக்கே திரும்புகிறவர்களுக்கு வரிச் சலுகை உண்டு, கப்பலில் ஏற்றிவிடு’ என்கிறார் நண்பர். லண்டனில் இருக்கும் மச்சான், ‘அங்கே பழைய போர்ஷே மலிவு, வாங்கி அனுப்புகிறேன்’ என்கிறார். வண்டிக்காக 60 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கலாம். எது சரி?

பதில்: மஸ்டாங்கை துபாயிலேயே விற்றுவிடுங்கள். பிடித்த வண்டியைக் கைவிடச் சொல்வது எளிதல்ல என்று தெரியும். ஆனால் இது வரி கட்டி முடித்துக்கொள்ளக்கூடிய விஷயமே இல்லை. உங்கள் வண்டிக்கு இந்தியாவுக்குள் வர அனுமதியே கிடையாது.

பழைய காரை இறக்குமதி செய்ய மத்திய அரசு வைத்திருக்கும் நிபந்தனைகளில் இரண்டைப் பாருங்கள். ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது. துபாய் வண்டிக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். 2021 மாடலுக்கு வயதும் கடந்துவிட்டது. நண்பர் சொல்லும் சலுகை, குடிபெயர்ந்து வருபவர்களின் வீட்டுச் சாமான்களுக்கானது. காருக்கு முழு வரியும் உண்டு.

மச்சான் சொல்வதில் ஒரு பாதி சரி. பிரிட்டன் வண்டிக்கு ஸ்டீயரிங் வலது பக்கம்தான். இரண்டு வயதான போர்ஷே என்றால் வயது வரம்புக்குள்ளும் வந்துவிடும். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். கப்பல் வாடகை, காப்பீடு எல்லாம் சேர்த்து வண்டியின் மதிப்பு 50 லட்சம் ரூபாய் என்று வையுங்கள். பழைய கார் மீதான சுங்க வரி 70 சதவீதம். அதோடு விவசாய உள்கட்டமைப்பு செஸ் என்ற கூடுதல் வரி 67.5 சதவீதம். 2025 பட்ஜெட்டில் ‘சுங்க வரி 125-லிருந்து 70 ஆகக் குறைந்தது’ என்று செய்தி வந்ததும் பலர் சந்தோஷப்பட்டார்கள். முன்பு அந்த 125-க்கு மேல் சமூகநலக் கூடுதல் வரி 12.5 சதவீதமும் இருந்தது. அதை எடுத்துவிட்டு, குறைந்த மொத்த அளவுக்கும் இந்த செஸ்ஸைச் சேர்த்துவிட்டதால் மொத்தச் சுமை பழையபடி 137.5 சதவீதம்தான். ஆக, 68.75 லட்சம். வண்டியோடு சேர்த்து 1 கோடியே 18.75 லட்சம். இந்த மொத்தத் தொகையின் மேல்தான் 40 சதவீத ஜி.எஸ்.டி. வருகிறது, அது 47.5 லட்சம். இப்போது 1 கோடியே 66 லட்சத்தைத் தாண்டிவிட்டோம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள்கால சாலை வரி 20 சதவீதம். வரி சேர்ந்த மதிப்பில் அதைப் போட்டால் இன்னும் 33 லட்சம். 50 லட்சம் ரூபாய் வண்டி கோவை வாசலில் வந்து நிற்கும்போது கிட்டத்தட்ட 2 கோடி.

‘அங்கே மலிவாகக் கிடைத்தால் வரியும் குறையுமே’ என்று தோன்றும். நீங்கள் கொடுத்த விலையை சுங்கத்துறை அப்படியே ஏற்றுக்கொள்ளாது. அந்த மாடல் புதிதாக இருந்தபோது என்ன விலையோ, அதிலிருந்து தேய்மானத்தைக் கழித்துத்தான் மதிப்பிடுவார்கள்: முதல் ஆண்டில் காலாண்டுக்கு 4 சதவீதம், இரண்டாம் ஆண்டில் காலாண்டுக்கு 3 சதவீதம். இரண்டு ஆண்டு வண்டிக்கு மொத்தமே 28 சதவீதம்தான் கழியும். மச்சான் பேரம் பேசிக் குறைத்த பணத்துக்கு இங்கே பெரிய பலன் இருக்காது. பில்லில் விலையைக் குறைத்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வண்டியையே பறிமுதல் செய்ய இடம் கொடுக்கும் வேலை அது.

இன்னொரு அலைச்சலும் உண்டு. பழைய கார்களை மும்பை துறைமுகம் வழியாக மட்டுமே இறக்க முடியும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ முடியாது. கப்பலில் ஏற்றுவதற்கு முன் வெளிநாட்டிலேயே ஒரு தகுதிச் சான்று, இறங்கிய பிறகு புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற வாகனச் சோதனை அமைப்பில் ஒரு பரிசோதனை. அதுவரை துறைமுக வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்.

உங்கள் பணத்துக்கு வருவோம். திர்ஹாமுக்கு 24 ரூபாய் என்று வைத்தால் மஸ்டாங் விற்ற பணம் 28.8 லட்சம். அமீரகத்தில் இதற்கு வருமான வரி இல்லை. நீங்கள் இன்னும் வெளிநாடுவாழ் இந்தியராக இருப்பதால் இங்கேயும் இல்லை. ஊர் திரும்பும் முன்பே அதை எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டில் (வெளிநாடுவாழ் இந்தியர் இந்திய வங்கியில் வெளிநாட்டு நாணயத்திலேயே வைக்கும் டெபாசிட்) டாலராகப் போட்டுவிடுங்கள். திர்ஹாம் டாலரோடு 3.6725 என்ற விகிதத்தில் கட்டப்பட்டிருப்பதால் மாற்றும்போது பெரிய நஷ்டம் வராது. திரும்பிய பிறகும் அந்த டெபாசிட் முதிர்வு வரை அதே வட்டியில் தொடரும். வெளிநாடுவாழ் இந்தியர் ரூபாயில் வைக்கும் என்.ஆர்.இ. கணக்கு அப்படியல்ல, ஊருக்கு வந்ததும் அதை உள்ளூர்வாசிகளுக்கான கணக்காக மாற்றியாக வேண்டும்.

மஸ்டாங்தான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. 2016-ல் ஃபோர்டு நிறுவனமே வலது பக்க ஸ்டீயரிங்கோடு மஸ்டாங் ஜி.டி.யை இந்தியாவில் விற்கத் தொடங்கியது. அப்போது டெல்லி ஷோரூம் விலை சுமார் 65 லட்சம். அந்த வண்டிகள் இப்போது இரண்டாம் கையில் வருகின்றன. இறக்குமதி வரியை முதல் உரிமையாளரே கட்டிவிட்டார், ஆரம்பகாலத் தேய்மானமும் அவர் தலையில்தான் போயிருக்கிறது. உங்கள் 60 லட்சத்துக்கு இதுதான் நியாயமான இடம். ஆனால் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்துவிட்டது. அதனால் உதிரிபாகத்துக்கும் காப்பீட்டுக்கும் தனியாகப் பணம் வைத்துக்கொண்டு, வண்டிக்கு 50 லட்சத்தைத் தாண்டாதீர்கள்.

நம்ப முடியாத விலையில் வெளிநாட்டு வண்டி காட்டும் புரோக்கர்களிடம் மட்டும் போகாதீர்கள். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை ‘நும்கோர்’ என்ற பெயரில் பெரிய சோதனை நடத்தியது. பூடானிலிருந்து கடத்தி வந்து, போலி ஆவணங்களால் வேறு மாநிலங்களில் பதிவு செய்த சொகுசு வண்டிகள் என்று சொல்லிப் பல கார்களைப் பிடித்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டு வாசலிலிருந்தே வண்டிகள் போயின. எனவே எந்த இறக்குமதி வண்டியானாலும் அதன் பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதியின்போது சுங்கத்துறையில் தாக்கல் செய்த ஆவணம்) கேட்டு வாங்கி, சேசிஸ் எண் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். காட்ட மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

துபாய் விற்பனையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். உங்கள் எமிரேட்ஸ் ஐ.டி. செல்லுபடியாக இருக்கும்போதே பெயர் மாற்றத்தை முடிக்க வேண்டும். கார் கடன் பாக்கி இருந்தால் வங்கியின் விடுவிப்பும், போக்குவரத்து அபராதங்கள் கட்டித் தீர்ந்திருப்பதும் அவசியம். விசா ரத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கினால், அவசரத்தைப் பார்த்து விலையைக் குறைப்பவர்களிடம் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.