'நீ'யா, 'நீங்கள்'ளா? ஷேக்ஸ்பியர் நகைச்சுவையைத் தமிழாக்கும் ஒருவருக்கு

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகக் குழு ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தைத் தமிழில் போடுகிறது. மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. இன்றைய ஆங்கில உரையோடு வந்த ஒரு பதிப்பை வைத்துச் செய்கிறேன். நாடகத்தில் பன்னிரண்டாம் இரவு என்று ஒன்று வரவே இல்லை; தலைப்பை என்ன செய்வது? ஸ்டூவர்டு, 'கேக்கும் ஏலும்', மஞ்சள் காலுறை இவற்றையெல்லாம் அப்படியே விடலாமா? பேச்சில் எல்லாருக்கும் 'நீங்கள்' போட்டால் போதுமா?

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். நாடகத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

கையில் இருக்கும் இன்றைய ஆங்கில உரையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் மூலத்தைப் பாருங்கள். உரையில் எல்லாரும் எல்லாரையும் 'யூ' என்பார்கள். ஷேக்ஸ்பியர் 1601 வாக்கில் இதை எழுதியபோது ஆங்கிலத்தில் 'தௌ', 'யூ' என்று இரண்டு சொற்கள் இருந்தன. 'தௌ' ஒருமை. 'யூ' முதலில் வெறும் பன்மைதான். நார்மன் ஆட்சிக்குப் பிறகு பிரெஞ்சுப் பழக்கம் பரவி, ஒரே ஆளையும் மரியாதைக்காகப் பன்மையில் அழைக்க ஆரம்பித்தார்கள். நம் 'நீங்கள்' வந்த வழியும் இதுதானே. 'கள்' ஒட்டிய பன்மைச் சொல், மரியாதைக்காக ஒருவருக்கும் ஆகிவந்தது. ஆங்கிலம் பிற்பாடு அன்றாடப் பேச்சில் 'தௌ'வை விட்டுவிட்டது. தமிழ் 'நீ'யை விடவில்லை. இன்று லண்டனில் மூலத்தையே கேட்கிற ரசிகருக்குக்கூட இந்த வித்தியாசம் உறைக்காது. உங்கள் பார்வையாளருக்கு உறைக்கும், நீங்கள் எழுதிக் கொடுத்தால்.

அந்தக் காலத்தில் அது எவ்வளவு உறைத்தது என்பதற்கு நாடகமே சாட்சி. மூன்றாம் அங்கத்தில் சர் டோபி தன் கூட்டாளி சர் ஆண்ட்ரூவிடம் சண்டைக்கு அறைகூவல் கடிதம் எழுதச் சொல்கிறார். எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுக்கும்போது, ஒரு மூன்று தரம் எதிராளியைத் 'தௌ' போட்டு எழுதினாலும் தப்பில்லை என்கிறார். அதாவது, ஒருமையில் எழுது என்கிறார். யாராவது ஒருவர் 'என்னை ஒருமையில் பேசிவிட்டார்' என்று கொதிப்பதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே கொதிப்புதான். 1603-இல் சர் வால்டர் ராலி மீது ராஜத்துரோக வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பு வழக்கறிஞர் எட்வர்டு கோக் நீதிமன்றத்திலேயே 'உன்னை நான் நீ என்றுதான் சொல்கிறேன், துரோகியே' என்று கத்தினார். அந்த வாக்கியத்தில் வசையைவிட 'நீ'தான் அதிகம் சுட்டது. ஆண்ட்ரூவும் சொன்னபடியே செய்கிறார். அவர் கடிதத்தின் முதல் வரியிலேயே இரண்டு 'தௌ'.

ஆனால் 'தௌ' எப்போதும் அவமதிப்பு இல்லை. நெருக்கத்துக்கும் அதுதான். முதல் அங்கத்தில் கோமகன் ஆர்சினோ, ஆண் வேடத்தில் சிசாரியோ என்ற பெயரோடு நிற்கும் வயோலாவைத் தனியே அழைக்கிறார். சுற்றி நிற்பவர்களிடம் 'கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்' என்று பன்மையில் சொல்லிவிட்டு, அதே மூச்சில் சிசாரியோ பக்கம் திரும்பி, 'உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை' என்று ஒருமைக்கு இறங்குகிறார். வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாள் ஆன பையன். எல்லாருக்கும் 'நீங்கள்' போட்டால் இந்த நெருக்கம் காணாமல் போய்விடும்.

நான் வகுப்பில் எப்போதும் நிறுத்தி வாசிக்கச் சொல்வது முதல் அங்கம், ஐந்தாம் காட்சி. சீமாட்டி ஒலிவியாவிடம் ஆர்சினோவின் தூதாக வருகிறான் சிசாரியோ. உங்கள் குலம் என்ன என்று ஒலிவியா கேட்பது பன்மையில். நான் கண்ணியமான குடியில் பிறந்தவன் என்று பதில் சொல்லிவிட்டு அவன் போகிறான். கதவு சாத்தியதும் ஒலிவியா தனியாக நின்று, தான் கேட்ட கேள்வியையும் அவன் சொன்ன பதிலையும் திரும்பச் சொல்லிப் பார்க்கிறாள். கேள்வி அப்படியே 'உங்கள்' என்றே வருகிறது. அடுத்த வார்த்தையில் 'சத்தியமாய் நீ அப்படித்தான்' என்கிறாள். அப்புறம் 'உன் பேச்சு, உன் முகம், உன் உடல்கட்டு' என்று அடுக்குகிறாள். காதல் வந்துவிட்டது என்று அவளுக்கே தெரியும் முன் பிரதிப்பெயர் சொல்லிவிட்டது! இதைத் தமிழில் ஒரு நடிகை பேசினால், விளக்கமே வேண்டாம், அரங்கு புரிந்துகொள்ளும்.

ஒலிவியாவின் காரியஸ்தர் மால்வோலியோவை ஏமாற்றும் கடிதத்திலும் இதே சூட்சுமம். எஜமானி எழுதியதுபோல அவளுடைய பணிப்பெண் மரியா எழுதுகிற அந்தக் கடிதம் முழுக்க 'தௌ'. தன் சீமாட்டி தன்னைக் காதலோடு 'நீ' என்கிறாள் என்று படித்துத்தான் மனிதர் மயங்குகிறார். பிறகு, தூங்கப் போகிறாயா மால்வோலியோ என்று அவள் கவலையோடு கேட்கும்போது, 'ஆமாம் கண்ணே, உன்னிடம் வருகிறேன்' என்று பதில் சொல்கிறார். ஒரு காரியஸ்தர் எஜமானியைப் பார்த்து 'உன்னிடம்' என்கிறார். பார்வையாளர் ஒரு நொடி மூச்சை நிறுத்த வேண்டிய இடம் அது. கடைசி அங்கத்தில், பைத்தியம் என்று இருட்டறையில் அடைபட்டு அவர் உண்மையாகவே அவளுக்கு எழுதும் கடிதமோ 'அம்மணி, நீங்கள் எனக்கு அநியாயம் செய்துவிட்டீர்கள்' என்று பன்மைக்குத் திரும்பிவிடுகிறது. இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்து மொழிபெயருங்கள்.

சரி, தலைப்புக்கு வருவோம். கிறிஸ்துமஸிலிருந்து எண்ணினால் பன்னிரண்டு நாள் கொண்டாட்டம். அதன் கடைசி இரவு, ஜனவரி 5 அல்லது 6. ஞானியர் மூவர் குழந்தை இயேசுவைக் காண வந்த நாள். நம் கிறிஸ்தவர்கள் 'மூன்று ராஜாக்கள் திருநாள்' என்பது இதைத்தான். எலிசபெத் காலத்து இங்கிலாந்தில் அன்றைக்கு உலகம் தலைகீழாகும். கேக்குக்குள் ஓர் அவரை விதையை வைத்துச் சுடுவார்கள். யார் துண்டில் அது கிடைக்கிறதோ அவர் அன்றிரவு ராஜா. வேலைக்காரன் எஜமானன் ஆகலாம், ஆண் பெண் வேடம் போடலாம். நாடகத்தில் அந்த இரவு வராவிட்டாலும் அந்த இரவின் சட்டம்தான் நாடகம் முழுக்க நடக்கிறது: பெண் ஆணாகிறாள், காரியஸ்தர் கோமகன் ஆகக் கனவு காண்கிறார், கோமாளி எல்லாருக்கும் புத்தி சொல்கிறான். பெண் வேடங்களைப் பையன்களே போட்ட காலம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயோலாவாக வந்தது, பெண்ணாக நடித்து, அந்தப் பெண் ஆணாக நடிப்பதையும் நடித்த ஒரு பையன்.

'பன்னிரண்டாம் இரவு' என்று அப்படியே போட்டால் நம் ஊரில் பேய்ப்படம் என்று நினைத்துவிடுவார்கள். நானாக இருந்தால் 'ராஜாக்கள் திருநாள் இரவு' என்று வைப்பேன். மூலத்துக்கே 'உங்கள் இஷ்டம்' என்ற பொருளில் இன்னொரு தலைப்பும் உண்டு. நகைச்சுவைக்கு அதுவும் பொருந்தும். நாடகம் நடந்ததற்குக் கிடைக்கும் முதல் பதிவு 1602 பிப்ரவரி 2-ஆம் தேதி, லண்டனில் மிடில் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்தின் மண்டபத்தில். அங்கே சட்டம் படித்த ஜான் மானிங்காம் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவர் ரசித்து எழுதியது காதலர்களை அல்ல, காரியஸ்தரை ஏமாற்றிய காட்சியை.

அந்தக் காரியஸ்தர்தான் 'ஸ்டூவர்டு'. விமானத்தில் தண்ணீர் கொடுப்பவர் நினைவுக்கு வருவதால் இந்தச் சொல்லை அப்படியே விடாதீர்கள். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டிக்' என்றால் வீடு, 'வெயர்டு' என்றால் காவலர். பெரிய வீட்டின் வரவு செலவு, ஆட்கள், ஒழுங்கு எல்லாம் அவர் கையில். கழுத்தில் பதவிச் சங்கிலி தொங்கும். போய் உன் சங்கிலியை ரொட்டித் தூள் போட்டுத் தேய் என்று டோபி சீண்டுவது அதனால்தான்; உலோகத்தைப் பளபளப்பாக்க அப்போது அப்படித் தேய்ப்பார்கள். நடிகருக்கு ஒரு சங்கிலி மாட்டிவிடுங்கள்.

'நீ ஒழுக்கசீலன் என்பதற்காக உலகத்தில் இனி கேக்கும் ஏலும் இருக்கக் கூடாதா?' என்று டோபி கேட்கும் வரியில் 'ஏல்' வெறும் மதுபானம் இல்லை. அது திருவிழாவுக்கே பெயர். கோயில் செலவுக்குப் பணம் திரட்ட ஊரார் ஏல் காய்ச்சி விற்றுக் கூடிக் கொண்டாடிய விழா 'சர்ச் ஏல்'. கல்யாண விருந்து 'பிரைட் ஏல்'. இன்றைய 'பிரைடல்' என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். இந்த விழாக்களெல்லாம் வேண்டாம் என்று எதிர்த்தவர்கள் பியூரிட்டன்கள் என்னும் கண்டிப்பான கிறிஸ்தவர்கள். மரியா மால்வோலியோவை அந்தப் பெயரால்தான் முதலில் குத்துகிறாள், அப்புறம் அதுகூட இல்லை, வெறும் சந்தர்ப்பவாதி என்கிறாள். ஆகவே டோபியின் கேள்வி ஒரு குடிகாரனின் கேள்வி மட்டும் அல்ல, ஓர் ஊர் தன் திருவிழாவுக்காகக் கேட்பது. 'பலகாரமும் கள்ளும்' என்று போடுங்கள். 'கேக்' என்றால் மெழுகுவர்த்திதான் கண்முன் வரும்.

மரியாவின் கடிதத்தை நம்பி மால்வோலியோ போட்டுக்கொள்ளும் மஞ்சள் காலுறைக்கு உடையமைப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். காலுறை நழுவாமல் இருக்க, நாடாவை முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் வைத்து, பின்னால் குறுக்காகப் போட்டு, முழங்காலுக்கு மேலே கொண்டுவந்து முடிச்சுப் போடுவார்கள். பல மேடைகளில் கெண்டைக்கால் முழுக்கப் பின்னல் போடுகிறார்கள், அது தேவையில்லை. இறுகக் கட்டியிருப்பதால் ரத்தம் ஓடவில்லை என்று மால்வோலியோ முனகுகிறார். நடிகர் அதைக் காலில் காட்ட வேண்டும். இன்ன தரத்துக்கு மேல் உள்ளவர்தான் வெல்வெட் உடுத்தலாம் என்று சட்டம் இருந்த காலம் அது. ஒலிவியாவை மணந்தபின் பூவேலை வெல்வெட் அங்கியில் உட்கார்ந்திருப்பதாக அவர் கனவு காண்பது ஏன் சிரிப்பு மூட்டியது என்பது இப்போது புரியும்.

அவர் சிரிக்கும்போது முகத்தில் விழும் கோடுகள், இந்தியத் தீவுகளைச் சேர்த்துப் போட்ட புதிய வரைபடத்தில் உள்ளவற்றைவிட அதிகம் என்கிறாள் மரியா. திசைக்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய உலகப் படம் ஒன்று அந்தச் சில ஆண்டுகளுக்குள்தான் லண்டனில் வெளியாகியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ராணி சாசனம் கொடுத்தது 1600 டிசம்பர் 31. அதாவது, நம் கடல்பக்கம் கப்பல் கிளம்பிய பரபரப்பு அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது. வரியை வெட்டிவிடாதீர்கள்.

பெயர்களை மாற்ற வேண்டாம். ஆனால் நடிகர்களுக்குப் பொருள் தெரிய வேண்டும். மால்வோலியோ என்றால் இத்தாலியத்தில் கெட்ட எண்ணம். சர் டோபியின் குடும்பப்பெயர் பெல்ச் என்றால் ஏப்பம். சர் ஆண்ட்ரூவின் குடும்பப்பெயர் ஏகுசீக்கில் உள்ள 'ஏகு' குளிர்காய்ச்சல். நடுங்கிக்கொண்டே இருக்கும் ஒல்லி மனிதர். முதல் காட்சியில் 'ஹார்ட்' என்ற ஒலியில் மானும் இதயமும் ஒன்றாகும் சிலேடை வருகிறது. வேட்டை எதற்கு என்று கேட்டால் 'மான்' என்று ஒருவன் சொல்ல, ஆர்சினோ 'மனம்' என்று பிடித்துக்கொள்ளட்டும். தமிழ் தானாகவே கைகொடுக்கும் இடம்.

கடைசியாக, ஐந்தாம் அங்கத்தில் ஒரு வரியில் நீங்கள் தடுமாறுவீர்கள். வயோலா பெண் என்று தெரிந்ததும் ஆர்சினோ, 'பையா, நீ ஆயிரம் தடவை சொன்னாய்' என்று பழைய ஒருமையிலேயே பேசுகிறார். 'உன் கையைக் கொடு' என்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, உன்னை வேலையிலிருந்து விடுவிக்கிறேன், என் மனைவியாகு என்று கேட்கும் அந்தப் பேச்சில் மட்டும் மூலம் 'யூ'வுக்கு மாறிவிடுகிறது. நாடகம் முழுக்க 'நீ' என்று அழைத்த பையனை இப்போது சமமான குலப்பெண்ணாகப் பன்மையில் அழைக்கிறார். கணவனாகப் போகிறவன் மனைவியை 'நீங்கள்' என்பது தமிழ்க் காதுக்குப் புதிதாக இருக்கும். அப்படியே எழுதுங்கள், மாற்றாதீர்கள். 'இத்தனை நாள் என்னை எஜமான் என்றீர்கள்' என்று அவர் சொல்லும்போது, வயோலாவாக நடிப்பவர் திரும்பிப் பார்க்க ஒரு நொடி விடச் சொல்லுங்கள்.