சந்தேகம் போதும், எழுதுங்கள்: மருந்தின் பக்கவிளைவு பற்றிக் கேள்வி பதில்

மருந்துகளின் பக்கவிளைவைத் தெரிவிப்பது குறித்து மருத்துவமனை ஊழியர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

வார்டு நர்ஸ்: ஊசி போட்ட அரை மணி நேரத்தில் நோயாளிக்கு உடம்பெல்லாம் தடிப்பு. மருந்தால்தான் என்று உறுதியாகத் தெரியாமல் நான் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம் சிஸ்டர். பக்கவிளைவு அறிக்கைப் படிவம் கேட்பது சந்தேகத்தைத்தான். ஒரு நோயாளி, தெரிவிப்பவர், சந்தேகப்படும் மருந்து, நேர்ந்த பாதிப்பு: இந்த நான்கும் இருந்தால் அறிக்கை செல்லும். நோயாளியின் முழுப்பெயர் வேண்டாம், முதலெழுத்தும் வயதும் போதும். டாக்டரிடம் உடனே சொல்லுங்கள், ஆனால் அது சிகிச்சைக்காக. அறிக்கைக்கு அனுமதி கேட்பதற்காக அல்ல.

பயிற்சி மருத்துவர்: என் ஒரு கேஸால் என்ன தெரிந்துவிடப் போகிறது?

1961 டிசம்பரில் ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைட் லான்செட் மருத்துவ இதழுக்குச் சில வரிகளில் ஒரு கடிதம் எழுதினார். கர்ப்பிணிகள் தாலிடோமைடு என்ற தூக்க மருந்தைச் சாப்பிட்டபின் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளைப் பார்த்தேன், வேறு யாராவது பார்த்தீர்களா என்பதுதான் சாரம். அவரிடமும் நிரூபணம் இல்லை. மருந்து சந்தைக்கு வருமுன் சில ஆயிரம் பேரிடம்தான் பெரும்பாலும் சோதிக்கப்படுகிறது. பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் பாதிப்பு அங்கே தலைகாட்டாமலே போகலாம். அது முதலில் தெரிவது உங்கள் வார்டில்தான்.

மருந்தாளுநர்: நல்ல அறிக்கை என்றால் எது?

தேதிகள் உள்ளது. "மருந்து அலர்ஜி" என்று மட்டும் எழுதி வரும் படிவத்தை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. மருந்து தொடங்கிய நாள், பாதிப்பு வந்த நாள், நிறுத்திய நாள், நிறுத்தியபின் குறைந்ததா? டோஸ் என்ன, வாய்வழியா ஊசியா? ரத்தப் பரிசோதனை என்றால் மருந்துக்கு முந்தைய அளவும் வேண்டும். தடுப்பூசி, இன்சுலின் போன்ற உயிரியல் மருந்துகளுக்குப் பேட்ச் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) கட்டாயம் எழுதுங்கள்.

ஒரு உதாரணம். இன்று தோலில் கொப்புளம், வாயில் புண். நேற்றுத் தொடங்கிய ஆன்டிபயாடிக் மேல் பழி விழுகிறது. மூன்று வாரத்துக்கு முன் வலிப்புக்காகத் தொடங்கிய கார்பமாசெபைனை யாரும் பார்ப்பதில்லை. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் போன்ற கடும் தோல் பாதிப்பு பெரும்பாலும் இப்படிச் சில வாரம் கழித்துத்தான் வரும். அதனால் இரண்டு மாதம் பின்னோக்கிப் போய்க் கேளுங்கள். மூலிகை மருந்து, தானாக வாங்கிச் சாப்பிட்ட வலி மாத்திரை எல்லாம் அதில் அடக்கம். அப்புறம், உறுதி செய்து பார்க்கலாமே என்று அதே மருந்தை மறுபடி கொடுத்துவிடாதீர்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: டோஸ் தவறிப்போய் வந்த பாதிப்பு. எழுதினால் என்மேல் திரும்புமா?

அறிக்கை குற்ற ஒப்புதல் ஆகாது. நோயாளி விவரமும் உங்கள் விவரமும் ரகசியமாகவே கையாளப்படும். டோஸ் மாறியதை மறைக்காமல் குறிப்பிடுங்கள். அதை விட்டுவிட்டால் மருந்தைப் பற்றித் தவறான முடிவுக்கு வர இடமாகும்.

நர்சிங் கண்காணிப்பாளர்: யாரும் படிவத்தைத் தொடுவதில்லை.

எல்லா ஊரிலும் இதே கதை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வந்த கட்டுரையில், தெரிவிக்கப்படாமல் போகும் பாதிப்புகளின் இடைநிலை அளவு (மீடியன்) 94 சதவீதம். படிவத்தை நர்ஸ் தலையில் கட்டாதீர்கள். ஒரு போன் போதும், மருந்தாளுநர் வந்து கேஸ் ஷீட் பார்த்து நிரப்பட்டும். திடீரென நிறுத்திய மருந்து, அவசரமாகக் கேட்ட நலாக்சோன் (மார்ஃபின் போன்ற மருந்துகளுக்கு முறிவு), ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபாரின் சாப்பிடும் நோயாளிக்கு அதன் முறிவான வைட்டமின் கே: இவற்றைத் தினமும் கவனித்தாலே பல கேஸ் கிடைக்கும். மாதம் இத்தனை என்று இலக்கு மட்டும் வைக்காதீர்கள். லேசான வாந்தியும் தலைவலியுமாக வந்து குவியும்.

ஆய்வகப் பணியாளர்: அனுப்பிய பிறகு எங்கே போகிறது?

பக்கவிளைவு அறிக்கைகளைச் சேகரிக்கும் தேசிய மையத்துக்கு. அங்கிருந்து உலக சுகாதார நிறுவனத்துக்காக ஸ்வீடனின் உப்சாலா மையம் பராமரிக்கும் விஜிபேஸ் தரவுத்தளத்துக்கு. மூன்று கோடிக்கும் மேற்பட்ட அறிக்கைகள் அங்கே இருக்கின்றன.

வார்டு நர்ஸ் மறுபடியும்: அனுப்பியதோடு முடிந்ததா?

இல்லை சிஸ்டர். கேஸ் ஷீட்டிலும் டிஸ்சார்ஜ் சுருக்கத்திலும் மருந்தின் பெயரை எழுதி, நோயாளி கையிலும் ஒரு சீட்டு கொடுத்தனுப்புங்கள். அடுத்த மருத்துவமனைக்கு அவர் போகும்போது நம் படிவம் கூடப் போகாது.