பட்டர் பிழையை மறைக்கட்டுமா, காட்டிக்கொடுக்கட்டுமா?

வாசகர் கேள்வி – நிபுணர் பதில்: கோல்ஃப் பட்டர் வடிவமைப்பு

கேள்வி: லேத், மில்லிங் வசதி கைவசம் உள்ளது. ஸ்ட்ரோக்கை, அதாவது பந்தை அடிக்கும் அசைவை, திருத்த உதவும் பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் கோல்ஃப் மட்டை) ஒன்றை நானே செய்யப்போகிறேன். நிலைமத் திருப்புத்திறன் (எம்.ஓ.ஐ., அதாவது தலை திருகிக்கொள்வதை எதிர்க்கும் தன்மை) அதிகமுள்ள பெரிய தலையாகச் செய்தால் போதுமா?

பதில்: ஸ்கோருக்குப் போதும், ஸ்ட்ரோக்குக்குப் போதாது. 350 கிராம் தலை, எம்.ஓ.ஐ. 4,000 கிராம்-ச.செ.மீ. என்று வையுங்கள். மையத்திலிருந்து 15 மி.மீ. தள்ளி அடித்தால், 10 மீட்டர் போகவேண்டிய பந்து ஏறக்குறைய 45 செ.மீ. முன்னதாகவே நின்றுவிடும். அதே எடையில் எம்.ஓ.ஐ.யை 6,000 ஆக்கினால் இழப்பு 30 செ.மீ. ஆகக் குறையும். போட்டியில் இது பெரிய உதவிதான். 1966-இல் கார்ஸ்டன் சோல்ஹைம் வடிவமைத்த பிங் ஆன்சர், எடையை இரு முனைகளுக்கும் ஒதுக்கியது இதற்காகத்தான். பெரும்பாலான பட்டர்கள் இன்றும் அந்த வழியில்தான் போகின்றன.

ஆனால் பிழையை எவ்வளவு மன்னிக்கிறதோ, அவ்வளவுக்கு அதை ஆட்டக்காரரிடமிருந்து மறைக்கவும் செய்கிறது. 15 மி.மீ. தள்ளி அடித்தது கைக்கும் தெரிவதில்லை, கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆகவே பயிற்சிக்கான பட்டர் வேறு திசையில் சிந்திக்கப்பட வேண்டும். எடை, நீளம், பிடி எல்லாம் போட்டிப் பட்டரை ஒத்திருக்கட்டும். பிழையை மட்டும் உரக்கச் சொல்லட்டும். அதுவும் ஒரு நேரத்தில் ஒரு பிழையை. முகத்தின் (பந்தைத் தொடும் பக்கத்தின்) கோணம், அடிபடும் இடம், கண்ணின் நிலை மூன்றையும் ஒரே தலையில் திணித்தால் பந்து ஏன் விலகியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கேள்வி: அப்படியானால் எந்தப் பிழையை முதலில் காட்டவேண்டும்?

பதில்: முகத்தின் கோணத்தை. பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதில் 80 சதவீதத்துக்கும் மேல் அடிபடும் கணத்தில் முகம் பார்க்கும் திசையைப் பொறுத்தது. மிச்சம்தான் ஸ்ட்ரோக்கின் பாதை. குழியின் விட்டம் 108 மி.மீ. மூன்று மீட்டர் தூரத்தில் முகம் 1 டிகிரி திரும்பினாலே பந்தின் மையம் 52 மி.மீ. விலகி, கிட்டத்தட்ட குழியின் விளிம்புக்குப் போய்விடும்.

நிற்கும்போது கோணத்தைச் சரிபார்க்க தலையின் மேல் நீளமான கோடு வேண்டும். 30 மி.மீ. கோட்டில் 1 டிகிரி என்பது அரை மில்லிமீட்டர் சாய்வு. யார் கண்ணுக்கும் பிடிபடாது. தலைக்குப் பின்னால் மெல்லிய அலுமினிய வால் ஒன்றை நீட்டி, கோட்டை 100 மி.மீ. ஆக்குங்கள். அப்போது அதே 1 டிகிரி 1.75 மி.மீ. சாய்வாகத் தெரியும்.

அடிபடும் கணத்தை எந்தக் கோடும் காட்டாது. அதற்குப் பட்டருக்கு வெளியே ஒரு வாசல் வேண்டும். பந்திலிருந்து 50 செ.மீ. முன்னால் இரண்டு டீக்களை (பந்தைத் தாங்கும் சிறு முளைகளை), உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு 60 மி.மீ. இடைவெளியில் ஊன்றுங்கள். பந்தின் விட்டம் 42.7 மி.மீ. என்பதால், இரு புறமும் 1 டிகிரிக்குள் கிளம்பும் பந்துதான் தட்டாமல் போகும். இடது டீயையே திரும்பத் திரும்பத் தட்டினால், வலக்கை ஆட்டக்காரருக்கு முகம் மூடுகிறது (இடப்பக்கம் திரும்புகிறது) என்று பொருள். இரண்டையும் மாறி மாறித் தட்டினால் பட்டரைக் குறை சொல்லாதீர்கள். பிடியின் அழுத்தத்தைப் பாருங்கள்.

கேள்வி: முகத்தின் நடுவில்தான் அடிபட்டதா என்பதை உடனே உணர்த்த வழி உண்டா?

பதில்: உண்டு, பயிற்சிப் பட்டரில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். முகத்தில் இரண்டு மேடுகள் வைத்து, நடுவில் பள்ளம் விடுவது. பந்து நடுவில் பட்டால் பள்ளத்தின் தட்டையான தரையைத் தொட்டு நேராகப் போகும். தள்ளிப் பட்டால் மேட்டின் விளிம்பில் மோதி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் திசை மாறும்.

அளவுதான் இங்கே உயிர். மேடு 3 மி.மீ. உயரம் என்றால், பந்தின் வளைவு காரணமாக, பந்து தொடும் புள்ளிக்கும் மேட்டின் உள்விளிம்புக்கும் குறைந்தது 11 மி.மீ. இருந்தால்தான் பந்து மேட்டைத் தொடாது. எனவே ±5 மி.மீ. பிழையை அனுமதிக்க பள்ளத்தின் அகலம் 32 மி.மீ.; ±3 மி.மீ. மட்டும் அனுமதிக்க 28 மி.மீ. முதலில் 32-இல் தொடங்குங்கள். பத்துக்கு எட்டு நேராகப் போகும்வரை 28-க்குப் போகவேண்டாம். எடுத்த எடுப்பில் குறுகிய பள்ளம் வைத்தால், ஆட்டக்காரர் பந்தைத் தட்டுவதற்குப் பதில் குறிவைத்துக் குத்தத் தொடங்கிவிடுவார். ஸ்ட்ரோக்கின் ஓட்டமே போய்விடும்.

செய்யும் முறை: 60 × 25 மி.மீ., 5 மி.மீ. தடிமன் உள்ள அலுமினியத் தகட்டை எடுத்து, நடுவில் 3 மி.மீ. ஆழத்துக்கு மில் செய்யுங்கள். மேடு மேலிருந்து கீழ்வரை முழு உயரத்துக்கும் ஓடட்டும். பந்து மோதும் இடம் பந்தின் நடு உயரத்தில், தரையிலிருந்து 21 மி.மீ. மேலே. உள்விளிம்புகளை லேசாக உருட்டிவிடுங்கள், இல்லையென்றால் பந்தில் வடு விழும். தலையோடு இணைக்க மேடுகளின் வழியே இரண்டு எம்4 (4 மி.மீ.) திருகுகள், திருகின் தலை உள்ளே அமிழும்படி. இருபக்க ஒட்டுநாடா வேண்டவே வேண்டாம். அது ஒரு பக்கம் அமுங்கி அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலே, 60 மி.மீ. தகட்டில் முகம் அரை டிகிரி திரும்பிவிடும். நீங்கள் திருத்துவது உங்கள் பிழையை அல்ல, தகட்டின் பிழையை. மேடு இல்லாத தகடு ஒன்றையும் 3.5 மி.மீ. தடிமனில் செய்துகொள்ளுங்கள், இரண்டும் தலா 14 கிராம் அளவில் இருக்கும், மாற்றினாலும் எடை மாறாது.

கேள்வி: கண் பந்துக்கு நேர்மேலே இருக்கிறதா என்று காட்ட, இரண்டு உயரங்களில் 3 மி.மீ. தடிமனில் கோடு போட்டேன். வித்தியாசமே தெரியவில்லை. ஏன்?

பதில்: உங்கள் கோடுகள் 3 மி.மீ. தடிமன் என்று எழுதியிருக்கிறீர்கள், காரணம் அதுதான். குனிந்து நிற்கும்போது கண் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் உள்ளது என்று கொள்வோம். கோடுகளுக்கு இடையே உயர வித்தியாசம் 20 மி.மீ. என்றால், கண் 5 செ.மீ. விலகினாலும் மேல்கோடு கீழ்க்கோட்டிலிருந்து 0.8 மி.மீ. மட்டுமே நகரும். அது 3 மி.மீ. தடிமனுக்குள் மறைந்துவிடும். உயர வித்தியாசத்தை 40 மி.மீ. ஆக்குங்கள், கோட்டை 1 மி.மீ. ஆக்குங்கள், வெள்ளைப் பின்னணியில் கறுப்பு. விலகல் 1.5 மி.மீ. ஆகிவிடும், பளிச்சென்று தெரியும்.

கேள்வி: தலையின் எடை, உலோகம் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: 110 × 35 × 25 மி.மீ. அலுமினியக் கட்டி 260 கிராம் வரும். இரு முனைகளிலும், மையத்திலிருந்து 42 மி.மீ. தள்ளி, 20 மி.மீ. விட்டத்தில் முழு ஆழத்துக்கு எஃகு உருளைகளைப் பதித்தால் எடை 341 கிராம், எம்.ஓ.ஐ. ஏறத்தாழ 4,300. இதே எடை, இதே நீளம், உயரத்தில் வெறும் எஃகுக் கட்டி என்றால் 3,500தான். முகத் தகட்டோடு 355 கிராம். ஷாஃப்டை (பட்டரின் தண்டை) எபாக்ஸி பசை வைத்து இணைத்தால் ஒரு நாள் முழுக்க ஆறவிடுங்கள்.

கேள்வி: லை கோணமும் (தண்டு தரையோடு சாயும் கோணம்) லாஃப்டும் (முகம் மேல்நோக்கிச் சாயும் கோணம்) எவ்வளவு முக்கியம்?

பதில்: லை கோணம் 4 டிகிரி தவறினாலும், 3 டிகிரி லாஃப்ட் உள்ள முகத்தின் திசை 0.2 டிகிரிதான் மாறும். நேரடி பாதிப்பு குறைவு. ஆனால் பட்டர் நீளமாகிவிட்டால் டோ (தலையின் வெளிமுனை) மேலே தூக்கும், முழங்கைகள் மடங்கும், கண் பந்தைவிட்டு உள்ளே வரும்; உண்மையான சேதம் அங்கேதான்.

லாஃப்டை 3 டிகிரியில் வையுங்கள். கையை 2 டிகிரி முன்சாய்த்து அடித்தால் மிஞ்சுவது 1 டிகிரி. அதற்கும் கீழே போனால் பந்து புல்லுக்குள் அழுந்தித் துள்ளும். முகத்தில் வரிப்பள்ளங்கள் வெட்டிப் பந்தை உருளவைக்கப் பலர் முயல்கிறார்கள். சுழற்சியே இல்லாமல் கிளம்பும் பந்து, தன் வேகம் ஏழில் ஐந்து பங்காகக் குறையும்வரை வழுக்கிவிட்டுத்தான் உருளும், இது இயற்பியல். பயிற்சிப் பட்டருக்கு வழுவழுப்பான முகமே போதும்.

கேள்வி: ஷாஃப்டை விரலில் கிடையாக வைத்தால் டோ கீழே தொங்குகிறது. இது குறையா?

பதில்: இல்லை. ஷாஃப்டின் அச்சு தலையின் எடைமையம் வழியே போகாததால் தொங்குகிறது. வளைந்த ஸ்ட்ரோக்குக்குத் தொங்கும் தலை, நேர் ஸ்ட்ரோக்குக்கு முகம் வானம் பார்க்கும் தலை என்பது நல்ல தொடக்கம், சட்டம் அல்ல. போட்டிப் பட்டர் எப்படித் தொங்குகிறதோ அப்படியே பயிற்சிப் பட்டரும் தொங்கட்டும்.

கேள்வி: இந்தப் பட்டரைப் போட்டியில் பயன்படுத்தலாமா?

பதில்: மேடு வைத்த தகட்டோடு கூடாது. விதிக்கு உட்படாத பட்டரால் ஒரு ஸ்ட்ரோக் அடித்தாலும் தகுதிநீக்கம். பையில் அடிக்காமல் வைத்திருந்தால் தண்டனை இல்லை, ஆனால் 14 கிளப் கணக்கில் அதுவும் சேரும்.