தடவச் சொல்லவில்லை, அப்பச் சொன்னார்கள்

கேள்வி: சன்ஸ்கிரீன் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் ‘ஸ்லாதர்’ என்று ஒரு வினைச்சொல் வந்தது. ‘தடவு’ என்று பொருள் கொள்ளலாமா?

பதில்: கூடாது. தடவுவதில் அளவு இல்லை. ஸ்லாதரில் அளவுதான் எல்லாமே. கை நிறைய அள்ளிக் கனமாகப் பூசுவது அது. மார்க் ட்வைனின் நாவலில் (1876) வரும் சிறுவன் டாம் சாயர், சர்க்கஸ் கோமாளிகளுக்குப் பணம் கொட்டுகிறது என்று பெருமையடிக்க இதையே பெயர்ச்சொல்லாக்கிச் சொல்வான்.

தமிழில் ‘அப்பு’ இருக்கிறது. சந்தனக்காப்புக்குச் சந்தனத்தை அப்புகிறோம். ‘பவுடரை அப்பிக்கிட்டுப் போறா’ என்கிறோம். இவ்வளவு பொருத்தமான சொல்லைக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டு, ஜாம், களிம்பு, சாயம் எல்லாவற்றுக்கும் ‘தடவவும்’ என்றே எழுதும் மொழிபெயர்ப்பாளர்களோடு எனக்குப் பழைய சண்டை. அதை விடுவதாக இல்லை.

நீங்கள் படித்த கட்டுரையில் இந்தத் தவறு தோலையே பாதிக்கும். சன்ஸ்கிரீன் டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண்ணை (வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்பதைக் காட்டும் எண் அது), ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் ஆய்வகத்தில் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் பூசுவது அதில் பாதியோ, அதற்கும் குறைவோ. அப்போது டப்பாவில் உள்ள 30 உங்கள் முகத்தில் 30 ஆக இருக்காது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்தே ஒரு டீஸ்பூன் வேண்டும். பெரியவர் ஒருவரின் உடம்பு முழுவதற்கும் சுமார் 35 மில்லி. வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். இதைத் ‘தடவவும்’ என்று எழுதினால் வாசகர் பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்துவிட்டு வெயிலில் இறங்குவார்.

தோல் புற்றுநோய் மிகுந்த ஆஸ்திரேலியாவில் இது புரிந்திருந்தது. 1981இல் விக்டோரியா மாநிலத்தில் தொடங்கிய பிரசாரத்தின் பெயர் ‘ஸ்லிப், ஸ்லாப், ஸ்லேப்’. சட்டையை மாட்டு, சன்ஸ்கிரீனைக் கொட்டிப் பூசு, தொப்பியைக் கவிழ்த்துக்கொள். கார்ட்டூன் கடற்பறவை ஒன்று ஆடிப் பாடிச் சொன்னது. நடு வினைச்சொல்லைப் பாருங்கள்: அங்கேயும் மென்மையாகத் தடவச் சொல்லவில்லை.

இலக்கணத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. ஆங்கிலத்தில் வெண்ணெயை ரொட்டியில் ஸ்லாதர் செய்யலாம், ரொட்டியையே வெண்ணெயால் ஸ்லாதர் செய்யலாம். தமிழில் ரொட்டியை அப்ப முடியாது. வெண்ணெயைத்தான் அப்ப வேண்டும். எண்ணெயையும் அங்கே ஸ்லாதர் செய்வார்கள். நம் ‘அப்பு’வுக்குப் பூசப்படும் பொருள் கெட்டியாக இருக்க வேண்டும். எண்ணெய் என்று வந்தால் ‘வழிய வழியத் தேய்’ என்று எழுதுங்கள்.