ஆய்வுக் கட்டுரையின் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம்: தொடர்பாடல் மாணவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

இறுதி வருடப் பிள்ளைகள் ஆய்வேட்டோடு மல்லுக்கட்டுகிற காலம் இது. திருகோணமலை மாவட்டத்தில் வினாக்கொத்தும் கையுமாக வருடக்கணக்காய் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். இப்போது பிள்ளைகளின் ஆய்வேடுகளை வாசித்துத் திருத்திக் கொடுக்கிறேன். ஊடக, தொடர்பாடல் ஆய்வுகளை எப்படி எடைபோடுவது என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். வந்து குவிந்தவற்றில் சில கீழே. ஒரே கேள்வியைக் கனபேர் கேட்டிருந்தால் ஒன்றைத்தான் எடுத்திருக்கிறேன்.

நிலாவெளியிலிருந்து ஒரு மாணவி: அக்கா, ஐந்து கட்டுரைகளை விமர்சன ரீதியாக மதிப்பிடச் சொல்லியிருக்கிறாங்க. எல்லாம் வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் வந்தது. பேராசிரியர்மார் எழுதினதில பிழை பிடிக்க நான் ஆர்?

பிழை பிடிக்கச் சொல்லவில்லை பிள்ளை. அவர்கள் காட்டுகிற ஆதாரம் அவர்கள் சொல்கிற முடிவைத் தாங்குமா என்று பார்க்கச் சொல்கிறார்கள். மீன் வாங்கப் போனால் "விடியப் பிடிச்சது" என்ற பேச்சைக் கேட்டுக் காசு கொடுப்பதில்லையே, செவுளைத் தூக்கிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்போம். கட்டுரையின் செவுள் அதன் முறையியல் பகுதி. முடிவுரைக்கு முதல் அதைத் திறவுங்கள். யாரைக் கேட்டார்கள், எப்படித் தெரிந்தெடுத்தார்கள், என்ன சொல்லில் கேட்டார்கள், யார் விடுபட்டார்கள் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள்.

ஒரு பழைய கதை சொல்கிறேன். 1938 ஒக்டோபர் 30 இரவு அமெரிக்க வானொலியில் ஒர்சன் வெல்ஸ் ஒரு நாடகம் போட்டார். செவ்வாய்க் கிரகத்தவர் படையெடுத்து வருவதாகச் செய்தி அறிவிப்புப் பாணியில் அமைந்த நாடகம். நாடே பீதியில் ஓடியது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. ஹாட்லி கான்ட்ரில் என்ற உளவியலாளர் அதை ஆராய்ந்து 1940இல் நூலாக வெளியிட்டார். ஊடகத்தின் வலிமைக்குச் சான்றாகப் பாடநூல்களில் நீங்கள் படிப்பது அதைத்தான். செவுளைத் தூக்கிப் பார்த்தால், விரிவாகப் பேட்டி காணப்பட்டவர்கள் 135 பேர், பெரும்பாலும் நியூ ஜேர்சிப் பக்கத்தார். அதிலும் நூறுக்கு மேற்பட்டவர்கள் பயந்தவர்கள் என்று தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அதே இரவு தொலைபேசியில் ஐயாயிரம் வீடுகளைக் கேட்ட ஹூப்பர் நிறுவனத்தின் கணிப்பில், அந்த நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்.

கான்ட்ரில் பொய் சொல்லவில்லை. சிலர் பயந்தார்கள், சிலர் வேறு அலைவரிசைக்குத் திருப்பிச் சரிபார்த்தார்கள், ஏன் அந்த வித்தியாசம் என்பதற்கு அவருடைய பேட்டிகள் நல்ல ஆதாரம். நாடே பயந்தது என்பதற்கு ஆதாரமில்லை. இந்த இரண்டையும் பிரித்து எழுதினால் உங்கள் ஒப்படைக்கு அது போதும்.

கிண்ணியாவிலிருந்து: மிஸ், கூகுள் படிவத்தை வட்ஸ்அப் குழுக்களில் போட்டு 384 பேரிடம் பதில் எடுத்தேன். அட்டவணைப்படி 384 சரிதானே? தலைப்பு: திருகோணமலை மாவட்ட இளைஞர்களின் சமூக ஊடகப் பாவனை.

இந்த 384ஐப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது தம்பி. கோபிக்க வேண்டாம். கிரெஜ்சியும் மோர்கனும் 1970இல் வெளியிட்ட மாதிரி அளவு அட்டவணையை எல்லோரும் பிரதி எடுக்கிறார்கள், அதன் நிபந்தனையை யாரும் எடுப்பதில்லை. குடித்தொகையில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரிவாகும் வாய்ப்பு இருக்கிற எழுமாற்று மாதிரிக்குத்தான் அந்தக் கணக்கு. அப்போதுதான் 95 வீத நம்பிக்கை மட்டத்தில் கூட்டிக் கழித்து 5 வீதம் என்ற வழு எல்லை பொருந்தும். கண்ணில் பட்ட குழுவில் படிவத்தைப் போட்டால் 384 பேரும் ஒன்றுதான், 3840 பேரும் ஒன்றுதான்.

1936 அமெரிக்கத் தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட் சஞ்சிகை ஒரு கோடிப் பேருக்குத் தபாலட்டை அனுப்பியது. ஏறக்குறைய 24 இலட்சம் திரும்பி வந்தன. வேட்பாளர்களில் லாண்டன் வெல்வார் என்று எழுதினார்கள். ரூஸ்வெல்ட் வென்றார், லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசிப் புத்தகத்திலும் கார்ப் பதிவுகளிலும் எடுத்தவை. பொருளாதார மந்த காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர் யாரென்று யோசியுங்கள். அட்டை கிடைத்த எல்லோரும் திருப்பி அனுப்பவுமில்லை.

உங்கள் படிவம் தமிழில் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் கந்தளாயிலும் கோமரங்கடவலையிலும் சிங்களம் பேசுகிற இளைஞர் எங்கே? வெருகலில் சிக்னல் பிடிக்காத வீட்டுப் பிள்ளை எங்கே? நேரில் போனாலும் இந்தச் சிக்கல் தீராது. நாங்கள் கரையோரக் கிராமங்களுக்குக் காலை பத்து மணிக்குப் போவோம். இரவு முழுக்கக் கடலில் நின்றவர் நித்திரை. அவருக்காக மனைவி பதில் சொல்லுவா. தாளில் "ஆண், மீனவர், 42 வயது" என்று பதிவாகும். எந்த நேரம், எந்த மாதம், பக்கத்தில் யார் இருக்கக் கேட்டார்கள் என்று ஒரு கட்டுரை சொல்லாவிட்டால் அதையும் குறையாக எழுதலாம்.

உங்களுக்கு வழி: தரவை எறிய வேண்டாம், தலைப்பைச் சுருக்குங்கள். வட்ஸ்அப் பாவிக்கும் தமிழ்மொழி இளைஞர் 384 பேரின் பாவனை என்று எழுதினால் ஒருவரும் குறை சொல்லேலாது.

உவர்மலையிலிருந்து ஒரு ஆசிரியர்: தொடர்பாடலில் சொற்களின் பங்கு 7 வீதம்தான், மிச்சம் குரலும் உடல்மொழியும் என்று பயிற்சிப் பட்டறையில் சொன்னார்கள். உண்மையா?

அப்படியென்றால் அந்தப் பட்டறையைச் சீனமொழியில் நடத்தியிருக்கலாமே சேர், 93 வீதம் விளங்கியிருக்கும்!

அல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு சோதனைகளிலிருந்து கூட்டிப் பெருக்கி எடுத்த எண் அது. ஒலிப்பதிவில் ஒற்றைச் சொற்கள், ஒன்றில் முகப் படங்களும். சொல்கிறவருக்கு விருப்பமா வெறுப்பா என்று ஊகிப்பதுதான் வேலை. உணர்ச்சி, மனப்பாங்கு பற்றிய பேச்சுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். மேற்கோளின் மேற்கோளை நம்பாமல் மூலத்தைத் தேடச் சொல்வது இதனால்தான்.

மூதூரிலிருந்து: போன் பாவனை மனநலத்தைப் பாதிக்கிறது, பி பெறுமானம் 0.05ஐ விடக் குறைவு என்று வந்திருக்கு. சிக்னிபிகன்ட் என்றால் நிரூபணம்தானே?

இல்லை. உண்மையில் தொடர்பே இல்லாவிட்டால் இப்படியொரு தரவு தற்செயலாக வருவது அபூர்வம், அவ்வளவுதான் அதன் பொருள். தொடர்பு பெரிதா சிறிதா என்று அது சொல்லாது. மாதிரி பெருத்தால் தூசும் சிக்னிபிகன்ட் ஆகும். 2012 ஜனவரியில் பேஸ்புக் ஒரு வாரம் 689,003 பேரின் செய்தியோடையை மாற்றிப் பார்த்த சோதனை 2014இல் வெளிவந்தது. நல்லுணர்ச்சிப் பதிவுகளைக் குறைத்தபோது, பயனர் எழுதிய நல்லுணர்ச்சிச் சொற்கள் குறைந்தது ஆயிரம் சொல்லுக்கு ஒன்று என்ற அளவில். தலைப்புச் செய்திகளோ பேஸ்புக் மனங்களை ஆட்டுவிக்கிறது என்றன. (சம்மதம் கேட்காமல் செய்தது வேறு வழக்கு. வெளியிட்ட சஞ்சிகையே அதுபற்றிக் கவலைக் குறிப்பு எழுதியது.)

உங்கள் கேள்விக்கு நெருங்கியது: ஓர்பனும் பிரிசிபில்ஸ்கியும் 2019இல் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தரவை ஆராய்ந்தார்கள். நல்வாழ்வில் காணப்படும் வேறுபாட்டில் டிஜிட்டல் பாவனை விளக்கியது அதிகபட்சம் 0.4 வீதம். ஆகவே பி பெறுமானத்தைக் கண்டதும் அடுத்த வரியில் விளைவின் அளவைத் தேடுங்கள். அது கொடுக்கப்படாவிட்டால் "விளைவின் அளவு தரப்படவில்லை" என்று எழுதுங்கள்.

தம்பலகாமத்திலிருந்து: டிவி கூடப் பார்க்கிறவர்கள் உலகத்தைக் கண்டு கூடப் பயப்படுகிறார்கள் என்ற கேர்ப்னரின் கோட்பாட்டை வைத்து ஆய்வு செய்கிறேன். இணைபு வந்திருக்கு.

இணைபு, அதாவது இரண்டும் சேர்ந்து கூடுவது, வரும். எங்கள் ஊரில் நாள் முழுக்க டிவிக்கு முன்னால் யார்? வயதானவர்கள், நோயாளிகள், தனியே வெளியே போக விடப்படாத பெண்கள். அவர்கள் பயப்பட வேறு காரணங்கள் உண்டு. பயத்தால் வீட்டில் இருக்கிறார்கள், வீட்டில் இருப்பதால் டிவி பார்க்கிறார்கள் என்றும் சொல்லலாமே. போல் ஹேர்ஷ் 1980இல் கேர்ப்னர் குழு பயன்படுத்திய தரவையே மறுபடி எடுத்து, வயது, பால், கல்வி போன்ற மாறிகளை ஒரே நேரத்தில் கட்டுப்படுத்தியபோது தொடர்பு கிட்டத்தட்ட மறைந்துபோனது. கேர்ப்னர் தரப்பு பதில் எழுதியது, வாதம் நீண்டது. இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டு வாங்கோ, பிறகு கதைப்போம்.

நகரத்திலிருந்து ஒரு பத்திரிகை நண்பர்: செய்திகளை எண்ணிப் பார்க்கும் உள்ளடக்கப் பகுப்பாய்வில் ஏமாற்றமில்லைத்தானே? எண்ணுவதில் என்ன அபிப்பிராயம்?

எதை எண்ணுவது என்பதில் இருக்கிறது அபிப்பிராயம். ஒரு செய்தி "இனமுறுகலைத் தூண்டுவதா" என்று இரண்டு பேர் தனித்தனியே குறியிட்டுப் பாருங்கள், தேத்தண்ணி ஆறுமுன் சண்டை வரும். குறியிட்டவர்கள் எத்தனை பேர், எவ்வளவு உடன்பட்டார்கள் என்று கட்டுரையில் தேடுங்கள். "90 வீத உடன்பாடு" என்பதும் பொறி. நூறு செய்தியில் தொண்ணூறு "இல்லை" வகை என்றால், இருவரும் வாசிக்காமலே அந்த விகிதத்தில் குறியிட்டாலும் 82 வீதம் ஒத்துவரும். தற்செயலைக் கழித்த கிரிப்பென்டோர்ப் அல்பா போன்ற அளவு தேவை. 0.8 இருந்தால் நிம்மதி.

உப்புவெளியிலிருந்து: என் வினாக்கொத்து ஆங்கில அளவுகோலின் மொழிபெயர்ப்பு. குரோன்பாக் அல்பா 0.91. ஏற்புடைமைக்கு வேறென்ன வேண்டும்?

அல்பா சொல்வது வினாக்கொத்தின் உருப்படிகள் (கேள்விகள்) ஒன்றோடொன்று ஒத்துப்போவதை. ஏற்புடைமை என்பது அளக்க நினைத்ததையே அளக்கிறோமா என்பது. தராசு ஒவ்வொரு முறையும் நூறு கிராம் கூடக் காட்டினாலும் அது ஒத்துப்போகிற தராசுதான்.

ஒருமுறை ஒரு நிறுவனத்துக்காக ஊடகங்கள் மீதான நம்பிக்கையை அளக்கப் போனோம். "உங்களுக்கு வானொலியில் எவ்வளவு நம்பிக்கை?" ஒரு ஆச்சி சொன்னா, "நம்பிக்கை கோணேசரிலதான் பிள்ளை, றேடியோவில பாட்டுத்தான்." சிரித்துவிட்டு "மிகக் குறைவு" என்று வட்டமிட்டேன். அந்த வட்டம் எங்கோ ஒரு அறிக்கையில் வீதமாகிப் போய்விட்டது. தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்கு வேறொருவரைக் கொண்டு மொழிபெயர்த்துப் பார்த்தார்களா, பத்துப் பேரிடமாவது முன்னோட்டம் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

சேருநுவரப் பக்கத்திலிருந்து: ஆய்வுச் சுருக்கத்தை மட்டும் வாசித்தால் காணாதா?

காணாது.

பெயரும் ஊரும் சொல்லாத ஒருவர்: கருதுகோள் பொய்த்துவிட்டது. மேற்பார்வையாளர் என்ன சொல்வாரோ என்று பயம். சில பதில்களை மாற்றினால் சரிவரும்...

மாற்றாதீர்கள். 2015இல் ஒரு பெரிய ஆய்வாளர் கூட்டம் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. முதலில் 97 வீதமானவற்றில் சிக்னிபிகன்ட் முடிவு வந்திருந்தது. திரும்பச் செய்தபோது 36 வீதத்தில்தான் வந்தது. எல்லாம் களவு என்று இதற்குப் பொருளில்லை. சரிவந்தவை மட்டும் அச்சேறி, சரிவராதவை மேசை லாச்சியில் கிடந்ததும் ஒரு காரணம். உங்களுடையது லாச்சியில் கிடக்க வேண்டியதில்லை. எதிர்பார்த்தது வரவில்லை என்று எழுதி, மாதிரி சிறிதா, கேள்வி பிசகா, கோட்பாடு இங்கே பொருந்தவில்லையா என்று இரண்டு பக்கம் விளக்குங்கள். நிரப்பிய வினாக்கொத்துகளை இலக்கமிட்டுக் கட்டி வையுங்கள். வாய்மொழிப் பரீட்சையில் கொண்டுவரச் சொன்னாலும் சொல்வார்கள்.