மொனிட்டர் 60 காட்டுகிறது, கை ஏன் 30ஐ உணர்கிறது?

கல்முனையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: “ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி கிராஃபிக்ஸ் காட், 8 ஜிபி ரேம், 60 ஹெர்ட்ஸ் 1080பி மொனிட்டர். புதிய கேம்களில் செக்கனுக்கு 35 ஃபிரேம்தான் வருகிறது. எஃப்எஸ்ஆர் ஃபிரேம் ஜெனரேஷன் போட்டால் 60 காட்டுகிறது. ஆனால் மவுஸ் இழுபடுகிறது. என்ன பிழை?”

உங்கள் காட்டில் பிழை இல்லை தம்பி. ஃபிரேம் என்பது திரையில் வரும் ஒரு படம். இரண்டு உண்மையான ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றை ஊகித்து வரைந்து செருகுவதுதான் ஃபிரேம் ஜெனரேஷன். நடுவில் வரைய வேண்டுமென்றால் அடுத்த ஃபிரேமும் கையில் இருக்க வேண்டும். அதனால் வந்ததை உடனே காட்டாமல் கொஞ்சம் பிடித்து வைக்கிறது. வரைகிற வேலையும் அதே 1650இன் தலையில்தான் விழுகிறது, 4 ஜிபி நினைவகத்திலும் பங்கு கேட்கிறது. வி-சிங்க் (ஃபிரேம்களை மொனிட்டரின் வேகத்தோடு ஒத்துப்போக வைப்பது) போட்ட 60 ஹெர்ட்ஸ் மொனிட்டரில் 60 வந்தால் அதில் பாதி, 30 மட்டுமே உண்மையானது. முன்பு 35 ஆக இருந்தது 30க்கு இறங்கிவிட்டது, தாமதமும் கூடிவிட்டது. ஃபிரேம் ஜெனரேஷனுக்கு முன்பே 60 இருக்க வேண்டும் என்று எஃப்எஸ்ஆரைச் செய்த ஏஎம்டியே சொல்கிறது. 60 வந்துவிட்டால் உங்கள் மொனிட்டருக்கு அதற்கு மேல் தேவையில்லை. ஆகவே அணைத்துவிடுங்கள்.

உங்களுக்கு உதவக்கூடியது அப்ஸ்கேலிங், அதாவது குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குவது. 1650இல் ஏஐ கணக்குக்கான டென்சர் கோர் இல்லாததால் என்விடியாவின் அப்ஸ்கேலரான டிஎல்எஸ்எஸ் வராது. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர், இன்டெலின் எக்ஸ்இஎஸ்எஸ் இரண்டும் ஓடும். முதலில் வி-சிங்கை அணைத்து, அப்ஸ்கேலிங் இல்லாமல் ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கிப் பாருங்கள். ஃபிரேம் நன்றாக ஏறினால் அப்ஸ்கேலிங் கைகொடுக்கும். அசையவே இல்லையென்றால் தடை பிராசசரிலோ ரேமிலோ இருக்கிறது. 8 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் இன்னொரு 8 ஜிபி போடுவதுதான் முதல் செலவு.

இவற்றின் தர நிலைகளைப் பெயரைப் பார்த்து ஒப்பிட வேண்டாம். எஃப்எஸ்ஆர் ‘குவாலிட்டி’ 1280×720இலிருந்து 1080பி ஆக்குகிறது. எக்ஸ்இஎஸ்எஸ் 1.3க்குப் பிறகு அதன் ‘குவாலிட்டி’ ஏறத்தாழ 1129×635தான். எஃப்எஸ்ஆர் குவாலிட்டிக்குச் சரியான சோடி எக்ஸ்இஎஸ்எஸ் ‘அல்ட்ரா குவாலிட்டி’. ‘பெர்ஃபோமன்ஸ்’ எஃப்எஸ்ஆரில் 960×540க்கு இறங்கிவிடும். 1080பி மொனிட்டரில் அதை நான் போடமாட்டேன். அதற்குப் பதில் நிழலையும் புகையையும் ஒரு படி குறைப்பேன்.

அப்புறம் அளக்கும் முறை. நம் பக்கத்து வெக்கையில் காட் குளிர்ந்திருக்கும்போது வரும் எண்ணை நம்பக்கூடாது. பதினைந்து நிமிடம் விளையாடி சூடேறிய பிறகு, ஒரே இடத்தில் ஒரே பாதையில் 60 செக்கன் ஓடி, மூன்று முறை அளவிடுங்கள். ஃபிரேம் அளக்கும் கேப்ஃபிரேம்எக்ஸ் மென்பொருள் இலவசம், சராசரியோடு 1% லோ எண்ணையும் (மிக மெதுவான 1% ஃபிரேம்களின் வேகம்) குறித்துக்கொள்ளுங்கள். சராசரி 55, 1% லோ 25 என்றால் அது திக்கித் திக்கித்தான் ஓடும்.

படத் தரத்தை நின்றபடி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் பார்க்காதீர்கள். அப்ஸ்கேலரின் குறை அசைவில்தான் தெரியும். மின்கம்பி, கம்பி வேலி, இலை உள்ள இடத்தில் கமராவை மெதுவாகத் திருப்புங்கள். கோடுகள் மினுங்குகின்றனவா, ஓடும் ஆளின் பின்னால் நிழல்போல் தடம் இழுபடுகிறதா என்று பாருங்கள். இரண்டில் எது குறைவாக மினுங்குகிறதோ, அதை அந்த கேமுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கேமுக்குத் திரும்பவும் பார்க்க வேண்டும்.