உண்மைக் காட்சி பொம்மை நகரம் போலத் தெரிவது எதனால்?

படத்தின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் மங்கலாக்கினால் உண்மையான தெரு பொம்மை போலத் தெரிவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சிறு பொருளை மிக அருகில் வைத்துப் படமெடுக்கும்போது கூர்மையாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்களுக்குச் சுருங்கிவிடுவதால், ஒரு பட்டை மட்டும் தெளிவாக உள்ள படத்தைக் கண்டதும் நம் மூளை அதைச் சிறிய பொருள் என்றே முடிவுகட்டுகிறது. பொம்மை நகரத்தை நாம் மேலிருந்தே பார்ப்பது வழக்கம் என்பதால், உயரத்திலிருந்து சாய்வாக எடுத்த படமே இதற்குப் பொருந்தும். பட்டையிலிருந்து விலக விலக மங்கல் படிப்படியாகக் கூட வேண்டும். நிறச்செறிவைச் சற்று உயர்த்தினால், வாகனங்கள் சாயம் பூசிய பிளாஸ்டிக்காகவே மாறிவிடும். பலரும் கோட்டைவிடுவது ஓரிடத்தில்தான்: தெளிவான பட்டையில் நிற்கும் கோபுரத்தின் உச்சி மங்கல் பகுதிக்குள் நீண்டு கலங்கினால் மாயை கலைந்துவிடும். அதன் அடியும் உச்சியும் கேமராவிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பதால், மாஸ்க் (மங்கல் படாதபடி ஒரு பகுதியைக் காக்கும் மறைப்பு) வரைந்து கோபுரம் முழுவதையும் தெளிவாகவே விட்டுவிட வேண்டும்.